வேப்பமரத்துக் குழாயில் ஒரு சோகம்

எங்கள் தாய்மாமன் ஆண்டிபட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். ஒரு அகூஜா ஆம்ப்ளிஃபயர், நான்கு குழாய், தட்டு சுற்றும் மிஷின், மூன்று தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. இரண்டு பெட்டிகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகும். மூன்றாவது பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘து’ என்று ஒற்றை எழுத்து இருக்கும். துக்கம். அந்தப் பெட்டி சாவு வீட்டைத் தவிர வேறு எங்கும் போகாது. ஒருதடவை நான் தெரியாமல் அதைக் கல்யாண வீட்டு மாட்டுவண்டியில் தூக்கி வைத்துவிட்டேன். மாமா என்னை அடிக்கவில்லை. ஆனால் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்தி, பெட்டியை இறக்கி, அதை வீட்டில் போட்டுவிட்டு வர ஒரு ஆளை அனுப்பினார்.

பிற்பாடு, தட்டுகளெல்லாம் ஓய்ந்த காலத்தில், அந்தப் பெட்டியைத் திறந்து அடுக்கிப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. உள்ளே இருந்தவற்றில் பாதிக்கு மேல் நான்கு வருஷத்துக்குள் வந்த படங்கள். ‘பாலும் பழமும்’ 1961. ‘பாத காணிக்கை’, ‘ஆலயமணி’, ‘சுமைதாங்கி’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ நான்கும் 1962. ‘கர்ணன்’ 1964. எல்லாவற்றுக்கும் மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி. நான் தேடிய பாட்டுகளுக்கெல்லாம் வரிகள் கண்ணதாசன். ஒரு சமூகம் அறுபது வருஷமாக அழுவதற்கு வேண்டிய பாட்டை ஒரே கூட்டணி நாலே வருஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்தப் பாட்டுகளில் மனம் உடைந்தவன் யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தன்னையே. ஆனால் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு இல்லை. தன் மனசைத் தனியே எடுத்து எதிரில் உட்காரவைத்து, ‘நீ’ என்றும் ‘டா’ என்றும் போட்டுப் பேசுவான். ‘பாலும் பழமும்’ படத்தில் டாக்டர் வேடத்தில் வரும் சிவாஜி, சாவின் முன்னால் தோற்றுப்போய் நடக்கும்போது டி.எம்.எஸ். குரலில் தன்னைத்தானே அதட்டிக்கொள்வார். ‘சுமைதாங்கி’யில் ஜெமினிக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியது முழுக்கக் கேள்வி. மனசைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. பதிலும் அங்கேயே வந்துவிடும்.

இது சினிமா கண்டுபிடித்த உத்தி இல்லை. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு, 125-வது. பிரிவில் வாடும் பெண் தன் நெஞ்சைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறாள், திட்டுகிறாள், உனக்கென்ன பைத்தியமா என்கிற தோரணையில் நக்கலும் செய்கிறாள். போதாததற்குக் கடைசியை நெருங்கும்போது ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று இன்னொன்று. பட்டினத்தார் அதே நெஞ்சைச் சுடுகாட்டு ஓரமாக அழைத்துப் போய்க் காட்டினார். கண்ணதாசன் பட்டினத்தாரைக் கரைத்துக் குடித்தவர். சாவு வீட்டில் இன்றைக்கும் ஒலிக்கிற அந்தப் ‘பாத காணிக்கை’ பாட்டில் துறவியின் வாசனை அடிப்பது அதனால்தான்.

குழாய்க்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாயில் அடித்தொண்டை வராது, மூச்சு வராது, வீணையின் நெளிவு வராது. நடுவாந்தரமான சத்தம் மட்டும் வரும். ஆனால் இரண்டு மைல் போகும். தகரத்தைக் கிழித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டுமானால் டி.எம்.எஸ். மாதிரி ‘ழ’வுக்கும் ‘ற’வுக்கும் கணக்கு வைத்துப் பாடுகிறவர் வேண்டும். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அதற்குள் காயத்தைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, கடைசிச் சரணத்தில் மருந்தும் தடவியாக வேண்டும். கேட்கிறவர்களோ களையெடுக்கிறவர்கள், கிணற்றில் இறைக்கிறவர்கள், டீக்கடையில் இருக்கிறவர்கள். ஒருத்தன் சோகம் அத்தனை பேருக்கும் பொருந்த வேண்டுமென்றால் அது தத்துவமாகத்தான் ஆக முடியும்.

அந்த மருந்து வேலை செய்ததா? செய்தது. வாலி பல மேடைகளில் சொன்ன கதை இது. பட வாய்ப்பு கிடைக்காமல் அலுத்து, சென்னையே வேண்டாம் என்று ஊருக்குக் கிளம்ப இருந்தார். அந்தச் சமயத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸைப் பார்த்திருக்கிறார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்க, அவர் அந்தச் ‘சுமைதாங்கி’ பாட்டைப் பாடிக் காட்டியிருக்கிறார். கேட்டு முடித்த வாலி மூட்டையை அவிழ்த்துவிட்டார். பிறகு அவர் எத்தனை ஆயிரம் பாட்டு எழுதினார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு பாட்டு ஓர் ஆளை ரயிலிலிருந்து இறக்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனாலும் எனக்கு அந்தப் பாட்டோடு ஒரு வழக்கு உண்டு. உனக்குக் கீழே உள்ளவர்களைப் பார்த்து ஆறுதல் கொள் என்பதுதானே அதன் சாரம். போன வருஷம் என் அண்ணன் மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பத்து நாள் கதவைத் திறக்காமல் கிடந்தான். சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. வீட்டுக்கு அழைத்து வந்ததும் அண்ணன் சொன்னது என்ன தெரியுமா? “உனக்கு என்னடா குறை? நாங்க படிக்கிறப்போ செருப்பு கிடையாது. ஊர்ல எத்தனை பிள்ளைங்க ஃபீஸ் கட்ட முடியாம நிக்குது, பாரு.” அண்ணனுக்குப் பாட்டு கேட்கிற பழக்கமே கிடையாது. கேட்காமலே அந்தப் பாட்டு அவர் வாயில் இருக்கிறது. பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாலியை எழுப்பி உட்காரவைத்த மருந்து இவனை இன்னும் இறுக்கி மூடிவிட்டது. அவருடையது வறுமை, இவனுடையது வேறு. அந்தக் காலத்துப் பாட்டுக்கு இரண்டுக்கும் ஒரே சீசாதான்.

அந்தக் காலத்திலேயே மருந்து தடவாத பாட்டும் இருந்தது. ‘புதிய பறவை’, 1964. மனைவி சாவின் குற்ற உணர்ச்சி ஒரு பணக்காரனைத் துரத்துகிறது. சிவாஜி அமைதியைத் தேடி அலைகிறார். பெரிய வாத்தியக் கூட்டம் அவரைச் சுற்றி வளைக்கிறது, தாளம் எங்கெங்கோ இழுக்கிறது, கோரஸ் பேய் மாதிரி வருகிறது. கடைசி வரை பதில் வருவதில்லை. மாமாவிடம் அந்தத் தட்டு இருந்தது. ‘து’ பெட்டியில் அல்ல, எதிலும் சேராமல் ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றி வைத்திருந்தார். சாவு வீட்டில் யாராவது கேட்டால்கூடப் போடமாட்டார். “அது பாட்டு இல்ல மாப்ள, நோவு. நோவை எப்படிக் குழாயில போடுறது?” என்றார் ஒருமுறை. இன்றைய பாட்டின் விதை அந்தக் காலண்டர் தாளுக்குள்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் தமிழ் ‘தேவதாஸ்’ வந்தபோது, நாகேஸ்வர ராவ் புட்டியோடு தள்ளாட கண்டசாலா பாடினார். வரிகள் உடுமலை நாராயணகவி. அன்றைக்குச் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1948-லிருந்தே. அதாவது கொட்டகையில் உட்கார்ந்து அழுதவர்களில் பலருக்குக் கண்ணாடிப் புட்டி என்பது ஜமீன்தார் வீட்டுப் பொருள், எட்டாத சோகம். 2003-ல் அரசே சில்லறை மதுக்கடை திறந்தது. அதன் பிறகு காதலில் தோற்றவன் தனியாகத் தள்ளாடவேண்டிய அவசியமில்லை. நண்பர்கள் நாலு பேர், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் பாக்கெட், குத்தாட்டம். சோகம் கச்சேரி ஆயிற்று.

நடுவில் கேசட் காலம் ஒன்று உண்டு. என் வயதுக்காரர்களின் இளமை அதுதான். ஊருக்கு ஒரு ‘மியூசிகல்ஸ்’ கடை. ரூல் போட்ட தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு லவ் ஃபெயிலியரா?” என்று கேட்பார். 1980-ல் ‘ஒரு தலை ராகம்’ வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஓய்வே இல்லை. டி.ராஜேந்தர் தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள். அதில் எஸ்.பி.பி. பாடிய ஒன்று, உலகத்தில் நடக்காத காரியங்களாக அடுக்கிக்கொண்டே போகும். காதலைச் சொல்ல முடியாதவனின் புத்தி எப்படித் தலைகீழாகிக் கிடக்கிறது என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடும். அதில் உபதேசம் இல்லை. மனசை எதிரில் உட்காரவைக்கிற வழக்கம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

ஆறுதல் சொல்கிற பாட்டையே சந்தேகப்படவைத்த படம் ஒன்று அதற்கும் முன்னால், 1978-ல், வந்தது. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. ஜேசுதாஸ் குரலில் கங்கை அமரன் வரிகள். நாயகி மஞ்சுவின் உடைந்த மனசுக்கு இதமாக ஒருவன் பாடுகிறான். இவ்வளவு கனிவான பாட்டு தமிழில் குறைவு. ஆனால் பாடுகிற அவனே பிறகு அவளைக் கைவிட்டு, பெற்றோர் எதிரில் ‘சிஸ்டர்’ என்கிறான். பாட்டைத் தனியாகக் கேட்டால் தாலாட்டு. படத்தோடு பார்த்தால் பயம். ‘கர்ணன்’ படத்திலும் இதுதானே நடக்கிறது? அம்பு பட்டுக் கிடப்பவனுக்குச் சீர்காழி குரலில் ஆறுதல் பாடுகிறவன் கண்ணன். அந்தச் சாவுக்கு வலை பின்னியவனும் அவனே. ஆனால் கண்ணதாசனின் கண்ணன் பழியில் தனக்கும் பங்கு உண்டு என்று பாட்டுக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறான். மஞ்சுவைத் தேற்றியவனுக்கு அந்த நாணயம் இல்லை.

பிறகு ‘குணா’. 1991 தீபாவளிக்கு வந்து, ‘தளபதி’யின் ஆரவாரத்தில் அடிபட்டுப்போன படம். மனநிலை சரியில்லாத ஒருவன், அபிராமி என்று தான் நம்பும் பெண்ணைக் கடத்திக் குகைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவளுக்கே கடிதம் எழுத வேண்டும். அவளையே எழுதச் சொல்கிறான். அவன் பேசுவது பேச்சு. திக்குகிறது, பாதியில் நிற்கிறது, வேறு விஷயத்துக்குத் தாவுகிறது, தன் காயத்தைப் பெரிதில்லை என்று தள்ளிவிட்டு அவளைப் பற்றிப் பதறுகிறது. அவள் அதை வாங்கி, சீவிச் செதுக்கி, மெட்டில் பாடித் திருப்பிக் கொடுக்கிறாள். கமலின் குரலும் எஸ்.ஜானகியின் குரலும் மாறி மாறி வரும்போது, ஒரு கலங்கிய மனசின் பேச்சு எப்படிப் ‘பாட்டு’ ஆகிறது என்பது நம் கண்முன்னால் நடக்கிறது. பாட்டில் சேராமல் சிந்திய சொற்களும் கூடவே கேட்கின்றன. அந்தச் சிந்தலில்தான் அவன் இருக்கிறான். இளையராஜா இசை, எழுதியவர் யார்? வாலி. முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு தேறுதல் பாட்டால் சென்னையில் தங்கியவர், யாரும் யாரையும் தேற்றாத இந்தப் பாட்டை எழுதினார். 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அதைத் தூசு தட்டி எடுத்தபோது, படம் வந்த வருஷம் பிறந்திருக்காத பிள்ளைகள் கொட்டகையில் கத்தினார்கள். கொடைக்கானலில் குணா குகைப் பக்கம் கூட்டம் தாங்கவில்லை. அவர்கள் கத்தியது நட்புக்காக. குணாவின் கலக்கத்துக்காக அல்ல. இருக்கட்டும், பாட்டுகளுக்கு இப்படித்தான் மறுபிறவி.

நா.முத்துக்குமார் வந்த பிறகு ‘நான்’ முழுசாக உள்ளே வந்தது. ‘காதல் கொண்டேன்’, ‘7ஜி ரெயின்போ காலனி’ எல்லாம் யுவன் இசை, செல்வராகவன் படங்கள். பஸ் ஸ்டாப், மொட்டைமாடி, பழைய சட்டை என்று கைக்கு எட்டுகிற சாமான்களில் வலியை மாட்டி வைத்தார். அவரிடம் தத்துவம் கேட்டால் கிடைக்காது. ஒரு ஞாபகம் கிடைக்கும். நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அந்த இடம் இன்னும் காலிதான்.

2011 நவம்பரில் வந்தது கொலவெறி. தனுஷ் எழுதிப் பாடியது, அனிருத்தின் முதல் படம். காதலில் அடி வாங்கியவன் தன் அடியைத் தானே கிண்டல் செய்கிறான். அதிலிருந்து ‘சூப் பாய்’ என்ற சொல் ஊரெல்லாம் பரவிற்று. பாட்டு ஜப்பான் வரை போனது. எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படத்தின் நாயகனுக்கு இருமுனை மனநோய். உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் இடையில் ஊசலாடி, கடைசியில் உயிரை விடுகிறான். தமிழில் இவ்வளவு வெளிப்படையாக ஒரு நாயகனுக்கு நோயின் பெயரைச் சொன்ன வெகுஜனப் படங்கள் சொற்பம். ஆனால் உலகம் எடுத்துக்கொண்ட பாட்டில் அந்த நோயின் நிழல்கூட இல்லை. நமக்குச் ‘சூப்’ என்றால் சிரிக்க வரும். நோய் என்றால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சிரிக்க வரும். நடுவில் ஒரு சொல் இன்னும் அமையவில்லை.

பெண்களின் சோகத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சொல்லத்தான் வேண்டும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் சாகக் கிடக்கும் கணவன், தான் போனால் பழைய காதலனையே கட்டிக்கொள் என்கிறான். தேவிகா சிதாரை மீட்டிக்கொண்டு பி.சுசீலா குரலில் அவனைத் திருப்பிக் கேட்கிறாள். எழுதியவர் ஆண்தான். ஆனாலும் ஒரு பெண் நேருக்கு நேர் உட்கார்ந்து மனக்கொதிப்பைக் கேட்கப் படத்தில் மூன்று நிமிஷம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு நாயகி பெரும்பாலும் சோகத்துக்குக் காரணம். அவளுக்கென்று சோகம் கிடையாது. விட்டுப் போனவள், ஏமாற்றினவள், அவ்வளவுதான். தாமரை, உமாதேவி போன்ற பாடலாசிரியர்கள் வந்த பிறகு பெண் மனசின் ஆசைக்குப் பாட்டு கிடைத்தது. கலக்கத்துக்கு? அங்கொன்றும் இங்கொன்றும்.

சினிமாவுக்கு வெளியே பெண்களிடம் ஒப்பாரி இருந்தது. செத்தவரைப் பாடுகிற சாக்கில் சீர் செய்யாத அண்ணன், சோறு போடாத மாமியார், திரும்பிப் பார்க்காத புருஷன் எல்லோர் கணக்கும் அதில் தீர்க்கப்படும். அன்றைக்கு யாரும் வாயை மூடு என்று சொல்ல முடியாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சேர்த்ததும் மாமா தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவார். கண்ணதாசனே ஆனாலும் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

மாமா போன ஐப்பசியில் போனார். அவர் விட்ட தொழிலை இப்போது வேறொரு பையன் செய்கிறான். ஆளுயர பாக்ஸ், ஒரு பென் டிரைவ். அதே பாட்டுகள், அதே வரிசை. ஒன்று முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்தது. எங்கள் சின்னம்மா ஒப்பாரி எடுத்தார், டி.எம்.எஸ். நிற்கவில்லை. சின்னம்மா இரண்டு அடி பாடிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பையனை நான் கோபித்துக்கொள்ளவில்லை. பென் டிரைவுக்கு ஊசி இல்லை.

அண்ணன் மகனும் வந்திருந்தான். இப்போது தேனியில் ஒரு டாக்டரைப் பார்க்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான், கொஞ்சம் பேசுகிறான். ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணைக் கோடியில் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைமுறைக்குச் சோகம் ஊருக்குக் கேட்கிற சாமான் இல்லை. பாடகன் காதுக்குள்ளே வந்து மூச்சு விடுகிறான். சித் ஸ்ரீராமின் தமிழ் புரியவில்லை என்று நாங்கள் குறைபடும்போது அவர்கள் சிரிக்கிறார்கள். சொல்லுக்காக அவர்கள் கேட்பதில்லை. ஸ்டேட்டஸில் அரை நிமிஷம் வெட்டிப் போடுவார்கள். கண்ணதாசனின் மருந்து கடைசிச் சரணத்தில் இருந்தது. அரை நிமிஷத்தில் அங்கே போய்ச் சேர முடியாது. எப்போதும் காயத்தோடேயே நின்றுவிடும். இதைக் குறையாகவே நினைத்திருந்தேன். ‘96’ படத்தில் கார்த்திக் நேத்தா எழுதி பிரதீப் குமார் பாடிய, நாயகன் ராமின் பாட்டைக் கேட்ட பிறகு கொஞ்சம் தயங்குகிறேன். அவன் தனியாகத் திரிகிறான். யாரும் வந்து அவனைச் சரிசெய்ய வேண்டும் என்று பாட்டு நினைப்பதே இல்லை.

“என்னடா கேக்குற?” என்றேன்.

ஒரு காதிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். செருகிக்கொண்டேன். கிதார் மாதிரி ஏதோ, மழை மாதிரி ஏதோ. பெயர் தெரியாத ஒரு பையனின் குரல், தூங்கி எழுந்தவன் பேசுகிற மாதிரி. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லல சித்தப்பா. கூட இருக்கான்.”

இன்னொரு காதில் வாசல் பாக்ஸிலிருந்து டி.எம்.எஸ். அடுத்த பாட்டை ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்தோம்.